இருபத்திரண்டா, முப்பத்திரண்டா?

விளையாட்டுப் போட்டியில் வெடி வைக்கிறவனை யாரும் படம் எடுப்பதில்லை. வெடி வெடிக்காமல் போனால் மட்டும் மைதானம் முழுக்க எடுக்கும்.

நான்தான் அந்த வெடிக்காரன். கிழமை நாட்களில் கிங்ஸ்பரியில் கோப்பையும் பதக்கமும் விளையாட்டுச் சாமான்களும் விற்கிற ஒரு சின்னக் கடையில் வேலை. கோடை வந்தால் சனி ஞாயிறுகளில், லண்டன் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்துகிற ஓட்டப் பந்தயங்களைத் தொடக்கி வைக்கிற வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் ஒரு மட்டன் ரோலும் ஒரு பொன்னாடையும். "நீங்கள் சும்மா நிண்டால் போதும் அண்ணை" என்று சொல்லி ஒரு சங்கப் பொறுப்பை உங்கள் தலையிலும் யாராவது கட்டியிருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

இந்த நாட்டில் நிசமான கைத்துப்பாக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய ஏலாது. நான் கொண்டு திரிவது செம்மஞ்சள் நிறம் பூசிய, குழல் வாய் அடைத்த பிஸ்டல். சத்தமும் புகையும் தவிர அதிலிருந்து ஒன்றும் வராது. அதிலும் இரண்டு அளவு. இருபத்திரண்டு என்பது மெலிசு. பையில் இருப்பதே தெரியாது. "சடீர்" என்று ஒரு சத்தம், ஊதுபத்தி அளவு புகை. முப்பத்திரண்டு கொஞ்சம் தடிப்பு. "டொம்" என்று கேட்கும், சாம்பிராணி போட்ட மாதிரிப் புகை வரும், காற்சட்டைப் பையைக் கீழே இழுக்கும். எது நல்லது என்று வருடக்கணக்காக என்னிடம் கேட்கிறார்கள். 2009 கோடையில் ஒரு பெண் மைதானத்தில் ஓடுவாரா, எல்லோருக்கும் முன்னால் விழுவாரா என்பது இந்தக் கேள்வியில் தங்கியிருந்தது. அதற்கு முன் மற்றவர்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

ரவை இரண்டு பாக்கெட்

எங்கள் முதலாளி பாண்டியன் சார் சாத்தூர்க்காரர். தங்கமான மனிதர். யாழ்ப்பாணத் தமிழை இருபது வருடமாகக் கேட்கிறார். இன்னும் பாதிதான் பிடிபட்டிருக்கிறது. எங்கள் ஊரில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர். தோட்டாவுக்கு ரவை என்று பெயர். இது இரண்டும் அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஒரு நாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரம் ஒரு சங்கத்திலிருந்து போன் வந்திருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு துவக்கும் ரெண்டு பெட்டி ரவையும் எடுத்து வைச்சிருங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது மேசையில் இரண்டு கிலோ ரவை இருந்தது. பக்கத்துக் கடையில் வாங்கியது, வறுத்தது. அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு: "ஞாயிறு துவக்குகிறார்கள். ரவை 2." விசயத்தை நான் விளக்கியதும் வேறொரு ஆளாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். இவர் உடனே ஒரு நோட்டை எடுத்து "துவக்கு = துப்பாக்கி, ரவை = தோட்டா" என்று எழுதி வைத்துக்கொண்டார். பிறகு தலையைச் சொறிந்தபடி கேட்டார்:

"அப்ப உங்க ஊர்ல உப்புமா கிண்டணும்னா கடையில என்னன்னு கேப்பீங்க தம்பி?"

அதற்கும் ரவை என்றுதான் கேட்போம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சத்தத்துக்குப் பதக்கம் இல்லை

ஓட்டம் முடிகிற இடத்தில் நேரம் எடுக்கிறவர்கள் வெடிச் சத்தத்தைக் கேட்டு மணிக்கூட்டை அமத்துவதில்லை. புகையைப் பார்த்து அமத்துவார்கள். நூறு மீற்றர் தாண்டிச் சத்தம் போய்ச் சேருவதற்குள் நேரம் கொஞ்சம் களவு போய்விடும். இது தெரிந்தும் ஒரு வருடம் நான் மலிவுக்கு ஆசைப்பட்டு இருபத்திரண்டைக் கொண்டு போனேன். லண்டன் வானம் சாம்பல் நிறம். அதில் ஊதுபத்திப் புகையை யார் காண்பது?

நேரம் எடுத்தவர் தவராசா அண்ணை. பஸ் ஓட்டுகிறவர், ஒரு நிமிடம் பிந்தினாலும் முந்தினாலும் நித்திரை வராத ஆள். புகை தெரியாததால் அன்றைக்குச் சத்தத்தைக் கேட்டுத்தான் மணிக்கூட்டை அமத்தினார். விளைவு, பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரைக்கும் அத்தனை ஓட்டத்திலும் புதிய சாதனை. ஒலிபெருக்கி குதூகலித்தது. பெற்றோர் கட்டிப்பிடித்தார்கள். அண்ணையின் மகளும் ஒரு சாதனை வைத்திருந்தாள். மனைவி வீட்டுக்குப் போன் எடுத்து யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணை நேரே மேடைக்குப் போய் முடிவுத் தாளை வாங்கினார். எல்லாச் சாதனையையும் ஒவ்வொன்றாக வெட்டினார். மகளுடையதை முதலாவதாக வெட்டினார். மனைவி அன்று அவரோடு ஒரே காரில் போகவில்லை என்று கேள்வி. தவறு என்னுடைய பிஸ்டலில், அடி அவருக்கு. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது மனிதர் அமைதியாகச் சொன்னார்:

"பிள்ளை ஓடினது உண்மை. ஆனால் உந்த வேகம் சத்தம் பிந்தி வந்ததால வந்த வேகம். சத்தத்துக்கு நான் பதக்கம் குடுக்க ஏலாது."

இன்னொரு அறுபது

திறந்த மைதானத்தில் வெடி வைப்பதென்றால் முன்கூட்டியே பொலிசுக்குச் சொல்லிவிடுவது நல்லது. நாய் கொண்டு நடக்கிற வெள்ளைக்காரக் கிழவி யாராவது பயந்து போன் எடுத்தால், ஆயுதத்தோடு வருகிறவர்கள் மட்டன் ரோலுக்கு மயங்க மாட்டார்கள். இந்த வேலை எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் சிவபாலனுடையது. எங்கள் கடையிலிருந்துதான் போன் எடுத்தார். பொய்யே வராத வாய் அவருக்கு. அதனால்தான் மூன்றாவது முறையும் செயலாளர்.

முதல் வெடி எத்தனை மணிக்கு என்று பொலிஸ்காரர் கேட்டார். அழைப்பிதழில் ஒன்பது என்று போட்டிருக்கிறது, நீங்கள் பதினொன்று என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் சிவபாலன். எத்தனை வெடி என்று அடுத்த கேள்வி. ஒரு ஓட்டத்துக்கு ஒன்று, ஆக அறுபது. சொல்லிவிட்டு மனிதருக்கு மனச்சாட்சி குத்தியிருக்க வேண்டும். யாராவது வெடிக்கு முதல் எழும்பி ஓடிவிட்டால் எல்லோரையும் நிறுத்த உடனே இரண்டாவது வெடி வைக்க வேண்டும். அதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். பொத்தின கையை எடுத்து, சுத்தமான ஆங்கிலத்தில் அவர் பொலிசுக்குச் சொன்னதன் தமிழ் இது:

"ஓடப்போறது எங்கட ஆக்கள் எண்டபடியா, இன்னொரு அறுபது போடுங்கோ."

அரிசி டின்

அந்த இரண்டாவது வெடிதான் என் தொழிலின் உயிர். முதலாவது வெடிக்காவிட்டால் அவமானம் மட்டும்தான். இரண்டாவது வெடிக்காவிட்டால் முந்தி ஓடினவர் வென்றுவிடுவார், பிறகு இரண்டு குடும்பம் பத்து வருடம் பேசாது.

கடையில் புதிதாக எந்தப் பிஸ்டல் வந்தாலும் பாண்டியன் சார் பின்வளவில் வைத்துச் சோதிப்பார். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் முதலே சொல்லிவிட்டு, இரண்டு இரண்டாக வெடிப்பார். பட்டாசு செய்கிற பக்கத்துக்காரர் அல்லவா, வெடிமருந்து விசயத்தில் அவர் காது ஏமாறாது. மலிவான இருபத்திரண்டு, பத்து சோடியில் மூன்று சோடிக்கு இரண்டாவதில் காலை வாரியது. முப்பத்திரண்டு ஒருமுறைகூட வாரவில்லை. வாங்குகிற ரவைப் பெட்டிகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அரிசி பரப்பி அதற்குள் வைத்து மூடுவார். இங்கிலாந்து ஈரத்துக்கு எதுவும் நமத்துப்போகும், மனிதரும் உட்பட. இதெல்லாம் எதற்கு, வருகிறவர்கள் ஒரு நாள் வாடகைக்குத்தானே எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணு வெடிக்கிறது பெரிசில்ல தம்பி. அடுத்ததும் வெடிக்கும்னு நம்பிக்கை இருந்தாத்தான் முதல்ல வெடிக்கிறவன் கை நடுங்காது."

துவக்குச் சத்தம் இல்லாத துவக்கு

2009, வன்னியில் சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அந்த வருடம் ஒரு போட்டியும் நடக்காது என்றுதான் நினைத்தேன். ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று இங்கே ஒருவருக்கும் தெரியாத நாட்கள். சங்கம் இரண்டு தரம் கூடிப் பேசியது. கடைசியில், பிள்ளைகள் மாசி மாதம் தொடக்கம் பழகுகிறார்கள், பாண்ட் வாத்தியமும் விருந்தும் இல்லாமல் ஓட்டங்களை மட்டும் வைப்போம் என்று முடிவெடுத்தார்கள்.

யூன் மாதம் ராஜி என்ற பெண் கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். பிளேஸ்டோவில் ஒரு லோண்டரியில் வேலை. வன்னியில் இருந்து மூன்று வருடத்துக்கு முதல் வந்தவர். படிக்கிற காலத்தில் நூறு மீற்றரில் மாவட்டத்தில் முதலாவது. அவர் சொல்லத் தொடங்கியதுமே எனக்கு முகம் ஞாபகம் வந்துவிட்டது. முந்தைய வருடம் அம்மாமார் ஓட்டத்தில், வெடி கேட்டதும் தடக்கி விழுந்த பெண். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ வீடியோவும் எடுத்தார்கள். நானும் சிரித்தேன்.

"தடக்கேல்லை அண்ணை," என்றார். "படுத்தனான். வெடி கேட்டால் உடம்பு தானாப் படுக்குது. நான் சொல்லிக் கேக்குதில்லை. இந்த முறை எப்பிடியும் நிண்டு ஓட வேணும். துவக்குச் சத்தம் மாதிரிக் கேக்காத துவக்கு ஒண்டு இருக்கோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெடியை வைத்த கை என்னுடையது. சிறிய சத்தம்தான் நல்லது என்று நினைத்து, பின்வளவுக்குக் கூட்டிப்போய், முதலில் இருபத்திரண்டை எடுத்தேன். சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றவர் "சடீர்" என்றதும் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தார். பாண்டியன் சார் தண்ணீர் எடுக்க ஓடினார். ராஜி தானே எழும்பினார், பாவாடையைத் தட்டினார், "இது இல்லை. மற்றதை வையுங்கோ" என்றார். எனக்குக் கை ஓடவில்லை. வையுங்கோ என்று திரும்பவும் சொன்னார். முப்பத்திரண்டு "டொம்" என்றது. கண்ணை இறுக்கிப் பொத்தினார், ஆனால் நின்றார். இன்னொரு தரம் கேட்டார். பிறகும் நின்றார்.

பெரிய சத்தம் எப்படிப் பரவாயில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். சடீர் என்று கூராகக் கேட்பது ஆளைத் தேடி வருகிற துவக்குச் சூடு. டொம் என்பது ஷெல்லாக, பீரங்கிக் குண்டாக இருக்கலாம். ஆனால் ஷெல் என்றால் முதலில் கூவும், பிறகுதான் வெடிக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரம் எடுக்கிறவர்கள் ஆயத்தமாக வேண்டும் என்று, ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் நான் நீளமாக விசில் ஊதுகிறவன். பத்து வருடமாக எங்கள் சனத்தின் காதில் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். இனி விசில் இல்லை, சிவப்புக் கொடி காட்டுகிறேன் என்றேன். ஒரு வெடிதானே என்று கேட்டார். அடுத்தடுத்து வந்தால் உடம்புக்குத் தான் பொறுப்பில்லை என்றார். யாராவது முந்தி ஓடினால் இரண்டாவது வெடி வைத்தே ஆகவேண்டும் என்பது தெரிந்தும், "ஓம், ஒண்டுதான்" என்று வாய் சொல்லிவிட்டது. போகும்போது அவர் முப்பத்திரண்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கூவாமல் வெடிக்கிறது கோயில் வெடிதான் அண்ணை. அதுக்கு நான் சின்னனிலயும் பயந்ததில்லை."

ஏழாம் கோடு

யூலை மாதம், சட்டனில் ஒரு மைதானம். மூன்று நிமிட மௌனத்துக்குப் பிறகு ஓட்டங்கள் தொடங்கின. காலையிலிருந்து விசில் ஊதவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்றேன்.

அம்மாமார் ஓட்டம் வந்தது. ஆறு பேர். ராஜி ஆறாம் கோட்டில், என் பக்கத்தில். மூன்றாம் கோட்டில் தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை சாந்தி ரீச்சர். கொடி காட்டினேன். அந்தப் பக்கம் தவராசா அண்ணை கையை உயர்த்தினார். "ஆயத்தம்" என்றேன். விரல் விசையை அமத்திக்கொண்டிருக்கும்போதே சாந்தி ரீச்சர் எழும்பிவிட்டார். டொம்.

நான் ராஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் தோள் கீழே போனது. பிறகு கால் முன்னே போனது. ஓடினார். உடனே இரண்டாவது வெடி வைக்க வேண்டும். அரிசி டின்னிலிருந்து வந்த ரவை, நிச்சயம் வெடிக்கும். அதுதான் பிரச்சினை. ஓடிக்கொண்டிருக்கிற அந்த முதுகுக்குப் பின்னால் அடுத்த வெடியை வைக்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. விசிலும் ஊத ஏலாது. பிஸ்டலைக் காற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, கொடியை ஆட்டியபடி, "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று பின்னால் ஓடினேன். முப்பத்திரண்டின் பாரத்துக்குக் காற்சட்டை இறங்கத் தொடங்கியது. ஒரு கையில் கொடி, ஒரு கையில் காற்சட்டை. மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சனம் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஏழாம் கோட்டில் எங்கட வெடிக்கார அண்ணை" என்று ஒலிபெருக்கி வேறு. ஒருவரும் நிற்கவில்லை. சாந்தி ரீச்சர் முதலாவது, ராஜி இரண்டாவது, நான் ஏழாவது.

மூச்சு வாங்கி முடிய முதலே சாந்தி ரீச்சர் தவராசா அண்ணையிடம் போனார். "நான் முந்தி எழும்பிட்டன். பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குதுகள். திருப்பி ஓடுவம்" என்றார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இரண்டாவது வெடியால் பிழை என்று சொல்ல வேண்டிய நானே அதை வைக்கவில்லை. எல்லோரும் திரும்ப நடந்து வந்தார்கள். ராஜி என்னிடம் நேரே வந்து, ஏன் இரண்டாவது வெடி வைக்கவில்லை என்று கேட்டார். ஒன்றுதான் என்று சொன்னேனே என்றேன். "அதால நூறு மீற்றரையும் சும்மா ஓடிக் களைச்சதுதான் மிச்சம். இனி என்னைப் பாக்காமல் எல்லாரையும் பாத்து வையுங்கோ. காற்சட்டையையும் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்க் கோட்டில் நின்றார்.

வைத்தேன். டொம். ஆறு பேரும் ஒன்றாக எழும்பினார்கள். ராஜி நிமிர்ந்தே ஓடினார். முதல் ஓட்டத்தின் களைப்புக் கடைசி இருபது மீற்றரில் காலைப் பிடித்தது. இரண்டு இளம் அம்மாமார் தாண்டிப் போய்விட்டார்கள். நான் செய்த வேலையால் அவருக்கு இரண்டு இடம் குறைந்தது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று கிட்டப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முடிவுத் தாளோடு நின்ற தவராசா அண்ணையைப் பார்த்துச் சொன்னார்:

"மூண்டாவது. ஆனால் படுக்கேல்லை. ரெண்டையும் எழுதுங்கோ."

சத்தத்துக்குப் பதக்கம் கொடுக்காத மனிதர், மகளின் சாதனையை வெட்டின மனிதர், ஒரு கேள்வியும் கேட்காமல் குறிப்பு என்ற இடத்தில் "படுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஆகவே இருபத்திரண்டா முப்பத்திரண்டா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறவர்களுக்கு என் அனுபவம் முழுவதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: முப்பத்திரண்டையே வாங்குங்கள், ஆனால் அதற்கு முதல் ஒரு நல்ல பெல்ட் வாங்குங்கள்.